மணற்பாதையும் நவாபின் துறைமுகமும்

தமிழ்நாட்டில் பாலைவனம் இல்லை. பாலை என்னும் திணையைக்கூட நம் முன்னோர் தனி நிலமாகக் கொள்ளாது, முல்லையும் குறிஞ்சியும் வெயிலின் கொடுமையால் தம் இயல்பு திரிந்த நிலை என்றே வகுத்தனர். எனினும், சக்கரத்துக்குப் பாலையாய் நின்ற நிலப்பகுதி ஒன்று நம்மிடம் உண்டு. கோவளத்தில் தொடங்கித் திருவிடந்தை, மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வழியாகக் கடப்பாக்கம் வரையில், கிழக்கே கடலும் மேற்கே உப்பங்கழியும் நெருக்க, இடையில் ஒடுங்கிக் கிடக்கும் மணற்பட்டையே அது. இம்மணலில் யாருடைய வண்டி ஓடிற்று, யாருடைய வண்டி புதைந்தது என்று பார்த்துக்கொண்டு சென்றாலே இக்கரையின் வரலாற்றில் ஒரு பாதி விளங்கிவிடும். அவ்வரலாற்றில் தமிழக முஸ்லிம்கள் நினைவில் வைத்திருக்க வேண்டிய பெயர் ஒன்று மணல் மூடிக் கிடக்கிறது. அதனைத் தேடியே ஜீப் வண்டியொன்றில் இக்கரையின் பக்கவழிகளில் நாம் சென்றோம்.

இன்று இப்பக்கம் செல்வோர் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே பறக்கின்றனர். 2002ஆம் ஆண்டில் கட்டணச் சாலையாக்கப்பட்ட அவ்வழியில் சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்கு ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். போகிற வேகத்தில் கண்ணில் படுவன மதிற்சுவர்களும் விடுதிகளின் பெயர்ப்பலகைகளுமே. சாலையிலிருந்து கடலை நோக்கியும் கழியை நோக்கியும் பிரியும் மண்தடங்களில்தான் ஊர்கள் இருக்கின்றன. வரலாறும் அங்கேதான் இருக்கிறது.

சேம அச்சு

இக்கரையின் முதல் வண்டிக்காரர்கள் உமணர்கள். நெய்தல் நிலத்து உப்பை உள்நாட்டுக்கு ஏற்றிச்சென்று நெல்லுக்கு மாற்றியவர்கள் அவர்கள். உப்பு கனமான சரக்கு. வழியோ மணலும் மேடும் பள்ளமும். வண்டி எங்கே அச்சு முறிந்து நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே, வண்டியின் அடிமரத்தில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டே அவர்கள் புறப்படுவர். புறநானூற்றில் ஔவையார் இதனைக் கண்டு உவமையாக்கியிருக்கிறார். ‘சேம அச்சு’ என்பது அதற்குப் பெயர். இன்றைய மோட்டார் வண்டிகளின் பின்புறத்தில் தொங்கும் ‘ஸ்டெப்னி’ சக்கரத்துக்கு இதைவிட நல்ல தமிழ்ச்சொல் நாம் தேடவேண்டியதில்லை.

இன்னொரு செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும். கடப்பாக்கத்தைச் சூழ்ந்த பகுதிக்கு இடைக்கழிநாடு என்று பெயர். கழிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நாடு என்னும் பொருளை அப்பெயரே சொல்லிவிடுகிறது. சிறுபாணாற்றுப்படையைப் பாடிய நத்தத்தனார் இந்த இடைக்கழிநாட்டு நல்லூரைச் சேர்ந்தவர். ஆற்றுப்படை என்பது வழி கூறும் இலக்கியம். எந்த ஊர் வழியே போவது, அங்கே என்ன உணவு கிடைக்கும், எத்தகைய மக்கள் இருப்பர் என்று முன்னே சென்று வந்தவன் பின்னே வருபவனுக்குக் கூறுவது. அந்நூலில் எயிற்பட்டினம் என்னும் கடற்கரை ஊர் வருகிறது. மரக்காணமே அது என்பர் ஆய்வாளர். உமணரின் வண்டித்தொடரோடு வந்த பெண்குரங்கொன்று அவர்களுடைய பிள்ளைகளோடு கிலுகிலுப்பை ஆடிக்கொண்டிருந்த காட்சியும் அதில் வருகிறது. குடும்பத்தோடும் வளர்ப்புக் குரங்கோடும் வண்டிகட்டிப் புறப்பட்ட மக்களை நினைத்துப் பார்க்கும்போது, ஊர் சுற்றல் என்பது மேனாட்டார் நமக்குக் கற்றுத்தந்த பொழுதுபோக்கு என்று எவரும் சொல்லத் துணியார்.

பாலைக்குள் மோட்டார்

மணலில் மோட்டார் வண்டி ஓட்டும் கலை உலகுக்குக் கைவந்தது 1920களில். இடம் எகிப்தின் மேற்குப் பாலை. 1923இல் அஹ்மத் ஹஸனைன் என்னும் எகிப்தியர் ஒட்டகங்களோடு ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் பயணம் செய்து, அதுவரை நிலப்படங்களில் சரியாக இடம்பெறாத அர்க்கனூ, உவைனாத் ஆகிய மலைகளை உலகுக்கு அறிவித்தார். அடுத்த சில ஆண்டுகளிலேயே இளவரசர் கமாலுத்தீன் ஹுசைன் அதே உவைனாத்துக்கு மோட்டாரில் சென்றார். அவர் சுல்தான் ஹுசைன் காமிலின் மகன். 1917இல் தமக்கு வரவிருந்த அரியணையை வேண்டாமென்று விட்டவர். முன்னே சக்கரமும் பின்னே பட்டையும் கொண்ட சித்ரோயன் வண்டிகளைக் கொண்டுபோன அவர், 1926இல் தாம் கண்ட பெரும் பீடபூமிக்குக் கில்ஃப் கபீர் என்று பெயரிட்டார். அரசு கட்டிலைவிட அவருக்கு மணற்கடல் இனித்திருக்கிறது.

அவருக்குப் பின் வந்த ஆங்கிலப் படைப் பொறியாளர் பாக்னால்டு, சாதாரண ஃபோர்டு கார்களைக் கொண்டே அப்பாலையைக் கடந்து காட்டினார். அவருடைய உத்திகள் எளியவை. டயரின் காற்றைப் பாதியளவு இறக்கிவிட்டால் அது தட்டையாகி, மணலில் பதியும் பரப்பு அகலுகிறது. வண்டியின் பாரம் பரவலாக இறங்குவதால் சக்கரம் புதைவதில்லை. புதைந்தால் அடியில் கொடுக்க இரும்புத் தகடுகள். எஞ்சினில் கொதித்து ஆவியாகும் நீரை வீணாக்காமல் பிடித்துக் குளிரவைத்து மீண்டும் ஊற்ற ஒரு கலம். ஒட்டகத்தின் பாதம் ஏன் அகன்றிருக்கிறது என்று எண்ணிப்பார்த்தவர்க்கு இதில் முதல் உத்தி முன்பே விளங்கியிருக்கும்.

ஜீப் என்னும் நான்கு சக்கர உந்துவண்டி 1941இல் அமெரிக்கப் படைக்காகப் பிறந்தது. போர் முடிந்தபின் இந்தியாவில் அதனைக் கோத்து விற்ற நிறுவனம் எது என்பது யாவர்க்கும் தெரியும். அதன் முதற்பெயர் என்ன என்பது பலர்க்குத் தெரியாது. 1945இல் மஹிந்திரா சகோதரர்களும் மாலிக் குலாம் முஹம்மதும் சேர்ந்து தொடங்கிய அந்நிறுவனத்தின் பெயர் மஹிந்திரா அண்ட் முஹம்மது. நாடு பிரிந்தபோது குலாம் முஹம்மது பாகிஸ்தானுக்குச் சென்று அதன் முதல் நிதியமைச்சராகவும், 1951 முதல் 1955 வரை கவர்னர் ஜெனரலாகவும் விளங்கினார். இங்கே 1948இல் நிறுவனத்தின் பெயரில் முஹம்மது போய் இன்னொரு மஹிந்திரா வந்தது. பிரிவினை ஒரு பெயர்ப்பலகையிலும் கோடு கிழித்தது என்று கொள்க.

ஸஆதத் பந்தர்

கோவளத்தில் இறங்குவோர் பெரும்பாலும் மூன்று இடங்களுக்குச் செல்கின்றனர். நபித்தோழர் தமீமுல் அன்சாரி (ரலி) அவர்கள் அடங்கியிருப்பதாக மக்கள் நம்பிப் போற்றும் தர்கா ஒன்று, கார்மேல் அன்னை தேவாலயம் ஒன்று, மூன்றாவது கடற்கரை. அலைச்சறுக்கு விளையாட்டுக்குப் பெயர் பெற்ற இக்கடற்கரைக்கு 2021இல் நீலக்கொடிச் சான்றும் கிடைத்தது. ஆனால் கோட்டையைக் கேட்டு வருபவர் அரியர். நாம் கேட்டபோது படகின் நிழலில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தலை நிமிர்ந்து பார்த்தார்.

“கோட்டையா பாய்? அது இப்ப எங்க இருக்கு! ஓட்டல் கட்டியிருக்காங்களே, அந்த இடந்தான்னு எங்க தாத்தா சொல்லுவாரு.”

“அதைக் கட்டினவர் யார் என்று சொல்வார்களா ஐயா?”

“டச்சுக்காரன்னு சொல்றாங்க. நமக்கு என்ன தெரியும்?”

அவரைக் குறை சொல்வதற்கில்லை. சுற்றுலா ஏடுகளும் அப்படித்தான் எழுதிவருகின்றன. ஆனால், ஆங்கிலேயப் போர்களின் வரலாற்றைப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே விரிவாக எழுதிய ராபர்ட் ஓர்ம் கூறுவது வேறு. இவ்விடத்தில் முதலில் இருந்தது ஆஸ்டெண்டு கம்பெனியாரின் இருப்பிடம். இன்றைய பெல்ஜியத்துத் துறைமுகமான ஆஸ்டெண்டு நகரத்து வணிகர்களுக்கு ஆஸ்திரியப் பேரரசர் 1722இல் சாசனம் வழங்கிய கம்பெனி அது; ஐந்தே ஆண்டுகளில் ஐரோப்பிய அரசியல் நெருக்கடியால் முடக்கப்பட்டது. அதன் இடிபாடுகளுக்கு அருகே, ஆர்க்காட்டு நவாப் அன்வருத்தீன் கான் புதிய கோட்டையொன்றை எழுப்பினார். அகழி இல்லை, வலிய மதிலும், வட்ட வடிவக் கொத்தளங்களும் இருந்தன. முஸ்லிம்கள் அதனை ஸஆதத் பந்தர் என்று அழைத்தனர். ‘ஸஆதத்’ என்பது நற்பேறு. ‘பந்தர்’ என்பது துறைமுகம். மசூலிப்பட்டணத்தையும் பந்தர் என்றே அழைப்பது வழக்கம்.

அன்வருத்தீன் 1744இல் நவாபாகி 1749 ஆகஸ்டில் ஆம்பூர்ப் போரில் உயிர் துறந்தவர். அக்குறுகிய ஆட்சிக்குள் அவர் கடலோரத்தில் தமக்கென ஒரு துறை வேண்டுமென நினைத்தது கவனிக்கத்தக்கது. சென்னையில் ஆங்கிலேயர், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர், சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் என்று கடல்வாயில்கள் எல்லாம் பிறர் கையில் இருந்த காலம். நாட்டுக்கு நவாப், கடலுக்கு அயலார் என்னும் அவலத்தை அவர் உணர்ந்திருந்தார் என்பதற்கு இக்கோட்டையே சான்று என்பது நம் துணிபு.

அது பறிபோன விதம் ஒரு கதை. 1750இல் பிரெஞ்சுக் கப்பல் ஒன்று கோவளத்துக்கு எதிரே நங்கூரமிட்டு அபாயக் குறி காட்டியது. கோட்டையிலிருந்து சென்றவர்களிடம், கப்பலில் பெரும்பாலோர் ஸ்கர்வி நோயால் மாண்டனர், எஞ்சியவரையேனும் கரையேற்றிக் காப்பாற்றுங்கள் என்று முறையிட்டனர். கோட்டைத் தலைவர் இசைந்தார். நல்ல கூலி கிடைக்கும் என்னும் ஆசையும் அவருக்கு இருந்தது என்கிறார் ஓர்ம். மெலிந்து வெளுத்த முப்பது பேர் கோட்டைக்குள் கொண்டுவரப்பட்டனர். ஆடைக்குள் ஆயுதம் இருந்தது. அன்றிரவே அவர்கள் எழுந்து காவலரை மடக்கிக் கோட்டையைக் கைப்பற்றிக்கொண்டனர். நோயாளி என்று வந்தவனுக்குக் கதவு திறப்பது நம் மரபு. அம்மரபையே அவர்கள் ஏணியாக்கிக்கொண்டார்கள்.

இரண்டாண்டு கழித்து, 1752இல், ராபர்ட் கிளைவ் இங்கு வந்தார். அவரோடு வந்தவர்கள் இலண்டன் தெருக்களிலிருந்து திரட்டி அனுப்பப்பட்ட இருநூறு ஆங்கிலேயரும், புதிதாகச் சேர்த்த ஐந்நூறு சிப்பாய்களும். கோட்டையிலிருந்து பாய்ந்த ஒரு குண்டுக்கு ஒருவன் விழ, மற்றவர் அனைவரும் திரும்பி ஓடினர் என்று எழுதுகிறார் மெக்காலே. பீரங்கி ஒலிக்கு அஞ்சி மறைந்த காவலன் ஒருவனைச் சில மணி நேரம் கழித்து ஒரு கிணற்றின் அடியில் கண்டெடுத்தார்களாம். இம்மணற்கரைக் கிணறுகள் ஆழமில்லாதவை; அவன் பிழைத்தது அதனால் போலும். கிளைவ் அவர்களை ஒருவாறு பழக்கிக் கோட்டையைப் பிடித்தார். செங்கல்பட்டிலிருந்து உதவிக்கு வந்த படையையும் மறைந்திருந்து தாக்கி முறியடித்தார். அதன்பின் கோட்டை தகர்க்கப்பட்டது.

இதில் நாம் நின்று நினைக்கவேண்டிய இடம் ஒன்று உண்டு. கிளைவ் அன்று போரிட்டது யார் பெயரால்? நவாப் முஹம்மது அலியின் பெயரால். முஹம்மது அலி யார்? கோட்டையைக் கட்டிய அன்வருத்தீனின் மகன். தந்தை கட்டிய துறைமுகக் கோட்டையை மகனின் நண்பர்கள் மகனுக்காகவே தகர்த்தார்கள். பிற்காலத்தில் அதே முஹம்மது அலி கடனாளியாகி, நாட்டின் வருவாயையெல்லாம் ஆங்கிலேயரிடம் அடகு வைத்த கதை அனைவரும் அறிந்தது. ஸஆதத் பந்தரின் இடிபாட்டில் அதன் முதல் அத்தியாயத்தைப் படிக்கலாம்.

திருவிடந்தை மணல்

கோவளத்துக்குத் தெற்கே சிறிது தொலைவில் திருவிடந்தை. நித்தியகல்யாணப் பெருமாள் கோயிலால் பெயர் பெற்ற ஊர். சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ள ஊர். இங்கே சாலையை விட்டிறங்கிக் கடற்புறம் திரும்பினால் சவுக்குத் தோப்பும் தாழையும் பனையும் மணல்மேடும் வரிசையாக வரும். மேற்கே பக்கிங்காம் கால்வாய் ஓடுகிறது. 1806இல் சென்னைக்கு வடக்கே தொடங்கிய இக்கால்வாய் வேலை, சிறிது சிறிதாக நீண்டு, ஆந்திரக் கரையிலிருந்து மரக்காணம் வரை ஏறத்தாழ 420 கிலோமீட்டர் ஆயிற்று. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் பட்டினி கிடந்த மக்களின் உழைப்பால் சென்னை நகருக்குள் இணைப்பு வெட்டப்பட்டது. அப்போதைய ஆளுநர் பெயரே கால்வாய்க்கு நிலைத்தது. மணலில் மாடு இழுக்கமாட்டாத உப்பையும் விறகையும் படகுகள் இழுத்துச் சென்றன. சக்கரம் தோற்ற இடத்தில் துடுப்பு வென்றது.

சவுக்குச் சருகு பரந்த தடத்தில் டயரின் காற்றை இறக்கிக்கொண்டு வண்டி நன்றாகவே போயிற்று. சீமைக் கருவேல முள்தான் இருமுறை நம்மை நிறுத்தியது. ஆனால் மணல்மேட்டின் அடியை அடைந்ததும் வண்டியை நிறுத்தி இறங்கிவிட்டோம். காரணம் உண்டு. அம்மேட்டைப் பிடித்துவைத்திருப்பவை அடும்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லுமே. சக்கரம் ஒருமுறை அவற்றை அறுத்துவிட்டால் அடுத்த காற்றுக்காலத்தில் மேடு நகரத் தொடங்கும். மேடு என்பது வெறும் மணல் அன்று. அது ஒரு நீர்த்தொட்டி. மழைநீர் மணலில் இறங்கிக் கடல்நீரைவிட இலேசாயிருப்பதால் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது விஞ்ஞானிகள் கண்ட கணக்கு. அளவுக்கு மேல் இறைத்தாலும் மேட்டைக் கரைத்தாலும் அக்கணக்கு தலைகீழாகும், கிணறு உப்பாகும். கடலலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் குப்பத்துப் பெண்கள் கையால் மணலைத் தோண்டிக் குடிநீர் மொண்ட அதிசயத்தின் இரகசியம் இதுதான். 1987இல் சென்னைப் பெருநகர்ப் பகுதி நிலத்தடி நீருக்கெனச் சட்டம் வந்தது. 1991இல் மணல்மேடுகளைக் கலைக்கக் கூடாதென்று கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையும் வந்தது. அடுத்த ஊரான நெம்மேலியில் 2013 முதல் கடல்நீரைக் குடிநீராக்குகின்றனர். 2024இல் அங்கே இரண்டாவது நிலையமும் திறக்கப்பட்டது. கையால் தோண்டி எடுத்ததை இன்று மின்சாரம் செலவிட்டு எடுக்கிறோம்.

தை முதல் பங்குனி வரை இக்கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறி வருகின்றன. ஒன்றரை அடி ஆழத்தில் புதைந்திருக்கும் முட்டைகளின் மேல் வண்டி ஏறினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. குஞ்சு வெளிவந்தாலும் சக்கரத் தடத்தின் பள்ளம் அதற்கு ஓர் அகழி. கடற்கரை மணலில் வண்டி ஓட்டிக் களிக்கும் இளைஞர்கள் இதனை அறிந்தால் தாமே இறங்கிவிடுவர் என்று நம்புகிறோம்.

இதே திருவிடந்தையில் 2018 ஏப்ரல் 11 முதல் 14 வரை இந்திய அரசின் பாதுகாப்புத் தளவாடக் கண்காட்சி நடந்தது. மேடு பள்ளம் பாராது ஓடும் படை வண்டிகள் உலகெங்குமிருந்து வந்து இங்கே அணிவகுத்தன. உமணர் வண்டி அச்சு முறிந்து நின்ற கரையில் டாங்கிகள் ஓடிக் காட்டின.

இன்னும் தெற்கே, மாமல்லபுரத்துக்குச் சற்று முன், சாலவன்குப்பம். 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலை இங்கே மணலை வாரிச் சென்றபோது பாறையொன்றில் எழுத்துகள் தென்பட்டன. அதனைப் பின்பற்றி 2005இல் தொல்லியல் துறையினர் தோண்டினர். மணலுக்கடியில் செங்கல்லாலான பழைய முருகன் கோயில் வெளிப்பட்டது. மணல் மூடுகிறது என்று நாம் வருந்துகிறோம். அது மூடிக் காக்கவும் செய்கிறது. ஸஆதத் பந்தருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

சதுரங்கப்பட்டினமும் ஆலம்பரையும்

சதுரங்கப்பட்டினத்தில் உண்மையிலேயே டச்சுக் கோட்டை இருக்கிறது. செங்கல் மதிலும், கிடங்குகளும், எழுத்துச் செதுக்கிய கல்லறைகளும் உள்ளன. மெல்லிய துணிக்குப் பெயர் பெற்ற ஊர் அது. 1754இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சமாதானம் பேசக் கூடி, பேச்சு முறிந்து பிரிந்த இடமும், 1782 பிப்ரவரி 17இல் அவர்களின் கப்பற்படைகள் மோதிய கடலும் இவையே. பக்கத்தில் கல்பாக்கம் அணுமின் நிலையம். நல்ல சாலை இருப்பதால் இங்கே ஜீப்புக்கு வேலையில்லை. ஆகவே நாமும் நீட்டவில்லை. அடுத்து வாயலூரில் பாலாறு கடலைத் தொடுகிறது. பல்லவர் மரபின் நீண்ட பெயர்வரிசையைத் தாங்கிய இராசசிம்மனின் தூண் கல்வெட்டு கிடைத்தது அவ்வூரில்தான்.

கடப்பாக்கத்தில் சாலையை விட்டுப் பிரிந்து, கழியை ஒட்டிச் சென்றால் ஆலம்பரை. இதுவும் ஆர்க்காட்டு நவாபின் துறைமுகம். இதனைக் கட்டியவர் நவாப் தோஸ்த் அலி கான். அவர் 1732இல் பட்டமேற்று 1740இல் மராட்டியரோடு நடந்த போரில் மாண்டவர். சரிகைத் துணியும் உப்பும் நெய்யும் இங்கிருந்து கப்பலேறின. கழியோரத்தில் நீண்ட படகுத்துறை ஒன்று இருந்தது. நாணயச்சாலையும் இருந்தது, ஆலம்பரையில் அடித்த காசுகள் புதுச்சேரிக் கடைவீதியிலும் செல்லுபடியாயின. 1736இல் தோஸ்த் அலியிடமே அனுமதி பெற்றுப் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் தம் நாணயச்சாலையைத் தொடங்கினர். 1750இல் கோட்டையே அவர்கள் கைக்குப் போயிற்று. தமக்குச் செய்த உதவிக்குப் பரிசாக முஸஃபர் ஜங் அதனை டூப்ளேக்கு வழங்கினார். ஸஆதத் பந்தர் சூழ்ச்சியால் போன அதே ஆண்டில் ஆலம்பரை அன்பளிப்பாகப் போயிற்று. 1760இல் ஆங்கிலேயர் பிடித்துச் சிதைத்தனர். எஞ்சியதை 2004 அலை மேலும் குலைத்தது.

ஆலம்பரையில் இன்றும் மதில்கள் துண்டு துண்டாய் நிற்கின்றன. சுண்ணாம்புக் காரையும் செங்கல்லும் உப்புக்காற்றில் அரிக்கப்பட்டு, தொட்டால் கையோடு வருகின்றன. நாம் சென்ற மாலையில் மீனவர் இருவர் பழைய துறையின் கற்களில் கயிறு கட்டிப் படகை நிறுத்திக்கொண்டிருந்தனர். இது யார் கட்டிய கோட்டை என்று அவர்களைக் கேட்டோம். “நவாபு கோட்டை பாய்” என்றார் ஒருவர், கயிற்றை முடிந்துகொண்டே.